ஜிஜியின் வண்டி போட்ட வட்டம்

கல்லில் செதுக்கிய படத்தைச் சுரண்டி எடுத்தால் தழும்பு தெரியுமா என்பதுதான் சோலேகா கேட்ட முதல் கேள்வி. வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையில் இருந்த மக்வின்யா பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள். எண்ணெய்ப் பலகாரத்தின் வாசனை அறையெல்லாம் பரவியது. கோட்ஸோவின் கண் தானாகவே பொட்டலத்தின் பக்கம் போயிற்று.

புலெங் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வோஸ்லூரஸ் வட்டாரத்தில் கார் எங்கே மோதினாலும், எங்கே தீப்பிடித்ததாகச் சொல்லப்பட்டாலும், காப்பீட்டுக் கம்பெனிகள் மதிப்புப் போட அவரைத்தான் அனுப்பும். காரைப் பார்க்கும் முன் கார் நிற்கிற தரையைப் பார்ப்பது அவர் வழக்கம். பொய் சொல்கிறவன் வண்டியைத் துடைத்து வைப்பானே தவிரத் தரையைத் துடைக்க மாட்டான் என்பார். அவருடைய உதவியாள் கோட்ஸோ முன்னாள் போக்குவரத்துக் காவலர். வேலையை விட்டாலும் விசிலை விடாமல் கழுத்திலேயே தொங்கவிட்டிருந்தார். யாரைக் கண்டாலும் அவருக்குக் குற்றவாளியாகத்தான் தெரியும்.

"உக்காரும்மா. எந்தக் கல்லு?"

"எங்கப்பாவோட கல்லறைக் கல்லு. வர்ற சனிக்கிழமை திறப்பு."

"ஜிஜியோட மகளா நீ?" என்று கோட்ஸோ எழுந்தே விட்டார்.

ஜிஜியைத் தெரியாதவர் அந்த ஊரில் இல்லை. அவரைவிட அவருடைய குஷேஷே காரை நன்றாகத் தெரியும். பெட்டி போன்ற உடம்பு, இரண்டே கதவு. கம்பெனி ஜெர்மன் கம்பெனி என்றாலும் இந்த நாட்டுக்கென்றே கட்டிய ரகம். மற்ற வண்டிகளுக்கு வயதாக ஆக விலை இறங்கும், இதற்கு ஏறும். அதனாலேயே போலிகளும் மலிந்துவிட்டன. சாதாரண வண்டிக்குப் பின்னால் ஓர் இறக்கையை ஒட்டி அசல் என்று விற்கிறவன் தெருவுக்கு ஒருவன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைச் சுழற்றி வட்டமடித்துக் காட்டும் திடலில் ஜிஜி அப்படிப்பட்டவர்களின் பானட்டைத் திறக்கவைத்து மானத்தை வாங்கிவிடுவார். தன் பானட்டை யார் கேட்டாலும் திறந்து காட்டுவார்.

"அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கே வண்டிக்கும் கறுப்புத் துணி போத்திட்டோம்" என்றாள் சோலேகா. "வருஷம் முடிஞ்சு அம்மா துக்கத் துணி கழட்டினப்பதான் அதையும் எடுத்தோம். நடுவுல யாரும் தூக்கிக்கூடப் பாக்கல. பாக்கக் கூடாதில்ல?"

"சரி, எடுத்தீங்க."

"பிரிட்டோரியாவுல லூபேன்னு ஒரு வியாபாரி இருக்காரு. அப்பா இருக்கும்போதே அந்த வண்டியைக் கேட்டு நாயா அலைஞ்சவரு. கூப்பிடாமலே வந்து நின்னாரு. பானட்டைத் திறந்து எஞ்சின்ல அடிச்சிருந்த நம்பரைப் பாத்தாரு. உடம்பு அசல், உள்ள இருக்கிறது காயலான் கடைச் சரக்குன்னு அத்தனை சனத்துக்கு முன்னாடியும் சொல்லிட்டாரு."

"உங்க வீட்டு ஆளுங்க என்ன சொன்னாங்க?"

"சித்தப்பா தலையைக் குனிஞ்சுகிட்டாரு. 'அண்ணன் நோய்ல படுத்தப்போ ரகசியமா எஞ்சினை வித்துட்டான், மானம் போயிடும்னு என்கிட்ட மட்டும் சொன்னான்'னாரு. இப்ப ஊரே சிரிக்குது. ஊர்ல போலி புடிச்சவன் கடைசியில போலி வண்டிதான் ஓட்டினானாம். கல்லுல அந்த வண்டியைச் செதுக்கியிருக்கோம். அதைச் சுரண்டிட்டுத் திறங்கன்னு ஈமச் சங்கத்துல சொல்றாங்க."

அவள் குரல் உடையவில்லை. உடையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது கோட்ஸோவுக்கே தெரிந்தது.

"எங்கப்பா பொய்யர் இல்லைன்னா நிரூபிச்சுக் குடுங்கம்மா. பொய்யர்தான்னா அதையும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. நானே உளி எடுத்துச் சுரண்டிடறேன்."

"துக்க வருஷத்துல வீட்டுல யாரு இருந்தா?"

"யாருமில்ல. அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, நான் டர்பன்ல வேலை பாத்தேன். கொட்டகைச் சாவி ஒண்ணு சித்தப்பாகிட்ட இருந்துச்சு. இன்னொண்ணு டயர்க்காரப் பையன் ஸ்காராகிட்ட. டயருக்குக் காத்து இறங்காம பாத்துக்கிறது அவன் பொறுப்பு."

சோலேகா கை கழுவப் போன இடைவெளியில் கோட்ஸோ குரலைத் தாழ்த்தினார். "அந்த லூபேதான், அக்கா. மதிப்பை இறக்கி அடிமாட்டு விலைக்கு வாங்கப் பாக்கறான்."

"அவர் பானட்டைத் திறந்தப்போ ஊரே சுத்தி நின்னுச்சு, கோட்ஸோ. எஞ்சினை என்ன, சட்டைப் பையிலயா போட்டுக்கிட்டுப் போனாரு?"

கோட்ஸோ ஒரு மக்வின்யாவை எடுத்துக் கடித்தார். வாய்க்கு வேறு வேலை வேண்டியிருந்தது.

ஜிஜியின் வீடு ஏற்றமான தெருவின் உச்சியில் இருந்தது. தெருவின் அடியில், பெட்டிக்கடையை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு பழைய நான்கு கதவு வண்டி நின்றது. குஷேஷேயின் ஏழைப் பங்காளி என்று சொல்லலாம், அதே பெட்டி உடம்புதான். இடப்பக்கம் நசுங்கியிருந்தது. பின் கண்ணாடியில் 'கர்த்தருக்கு நன்றி' என்று ஒட்டியிருந்தது. பாதி ஏற்றத்தில் மூவரும் அதன் சொந்தக்காரரையும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஒரு கையால் முழங்காலைப் பிடித்து, மறு கையால் கைக்குட்டையை வீசிக்கொண்டு மூச்சு வாங்க நடந்தார். ஜிஜியின் தம்பி வெலாபி. ரோஸ்லின் தொழிற்சாலையில் இதே குஷேஷே கார்களைக் கட்டும் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் சித்தப்பா, வண்டியை வீடு வரைக்கும் கொண்டுவந்தா என்ன?" என்றாள் சோலேகா.

"கிளட்ச் போச்சும்மா. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. அதுவும் என்னை மாதிரிக் கிழமாயிட்டுது." அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். புலெங் அம்மாளின் கைப்பையைக்கூட வாங்கிக்கொள்ளப் பார்த்தார்.

கொட்டகையில் குஷேஷே புதுப் பெண் போல மினுங்கியது. புலெங் அம்மாள் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னார். சோலேகா முடுக்கியதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"குரல் கரகரன்னு இருக்கு. ஒரு வருஷமா நின்னதால இருக்கும்னு நெனச்சேன். முன்னெல்லாம் அப்பா முக்கு திரும்பும்போதே அடுப்பங்கரையில இருந்த எனக்குத் தெரிஞ்சிடும். அங்க சத்தம் கேட்டா இங்க எழுந்து கெட்டிலைப் போடுவேன்."

"ஒரே ஒரு வட்டம் அடி பாக்கலாம்."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள் என்பது அப்போது தெரிந்தது. வாலை வீசி, புகை கிளப்பி, வண்டி தன்னைத்தானே சுற்றி நின்றது. தாரில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. எல்லோரும் சோலேகாவைப் பார்த்தார்கள், புலெங் அம்மாள் வளையத்தைப் பார்த்தார். "போதும்" என்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் ஸ்காராவும் இருந்தான். ஒல்லியாக, முழங்கை வரை டயர்க் கறுப்போடு வந்தான். அடக்கத்தன்று மரியாதைக்கு ஜிஜியின் வண்டியை வட்டமடித்தவன் அவன்தான். கோட்ஸோ அவனை மேலும் கீழும் அளந்தார்.

"அன்னிக்கு வண்டி எப்படி இருந்துச்சு தம்பி?"

"புலி மாதிரி. ஏன்?"

"உன்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. அதான் ஏன்னு கேக்கறேன்."

ஸ்காராவின் முகம் சிவந்தது. "யோவ் விசிலு, வாயை அளந்து பேசு. அவர் எஞ்சினை அவர் யாரையும் தொட விட்டதில்ல. நான் டயர்க்காரன். சோறு போட்ட மனுஷன் வண்டியில கை வெப்பேனா?"

நடுவில் வந்து தடுத்தது வெலாபிதான். "பையனைச் சொல்லாதீங்க. அண்ணன் உசிரோட இருக்கும்போதே மாத்தினது. இவன் அன்னிக்கு ஓட்டினதும் இதே எஞ்சின்தான்."

"எஞ்சின் மட்டும்தான் வித்தாரா, பின் அச்சும் சேத்தா?" என்று கேட்டார் புலெங் அம்மாள், ஊறுகாய் விலை கேட்கிற குரலில்.

"எல்லாம் சேத்துத்தான். ரெண்டையும் பிரிச்சா விலை போகாதே."

"அடக்கத்துக்கு அப்புறம் யாராவது கை வெச்சிருப்பாங்களா?"

"துக்கத்துல இருந்த வண்டிம்மா. ஒரு ஆணியைக்கூட யாரும் தொடல. அண்ணன் மேல ஆணை."

புலெங் அம்மாள் தலையசைத்தார். அவ்வளவுதான். வெலாபி விடைபெற்று நொண்டியபடி இறங்கினார். சோலேகாவின் தாயார் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு இவர்களும் இறங்கினார்கள்.

பழுப்பு வண்டி போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் புலெங் அம்மாளும் நின்றுவிட்டார். செருப்பில் கல் ஏறிவிட்டது போலிருக்கிறது என்று கோட்ஸோ கையைக் கொடுத்தார். அவரோ தரையைக் காட்டினார். அங்கிருந்து கிளம்பிய டயர் தடம் தாரில் இரண்டு கறுப்புக் கோடுகளாக நீண்டிருந்தது.

"யாரோ பொடிப்பசங்க வேலை" என்றார் கோட்ஸோ.

"கிளட்ச் போன பொடிப்பசங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் நடக்கத் தொடங்கினார். அதற்கு என்ன பொருள் என்று கோட்ஸோ வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

அடக்கத்தன்று ஸ்காரா வட்டமடித்தது சபைக்குப் பின்னாலிருந்த சிமெண்டு மைதானத்தில். பெண் பிள்ளைகள் நெட்பால் ஆடுவதற்காகப் பாஸ்டர் ராடெபே வசூல் செய்து போட்டது. புலெங் அம்மாள் அங்கே போய்க் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பாஸ்டர் பொங்கிவிட்டார்.

"பிரசங்கம் முடிச்சு வெளிய வர்றேன், என் தரையில சாத்தான் மோதிரம் போட்டு வெச்சிருக்கான். ஒண்ணில்லம்மா, ரெண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. சோப்பு போட்டாச்சு, மண்ணெண்ணெய் போட்டாச்சு, போகவே மாட்டேங்குது. அன்னிக்குப் போட்ட சங்கிலிதான் கேட்டுல. பிள்ளைங்க தவிர ஒரு சைக்கிளைக்கூட உள்ள விட்டதில்ல."

பூட்டைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறச் சிமெண்டில் பெரிய வளையமும் அதற்குள் சிறிய வளையமும் கறுப்பாகத் தெளிந்து கிடந்தன. புலெங் அம்மாள் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"பாஸ்டர், நாளைக்குச் சாயங்காலம் இந்த கேட்டைத் திறந்து வைக்கணும். இங்க இன்னொரு வட்டம் விழும்."

"உங்களுக்குக் கொஞ்சமாவது தெய்வ பயம் இருக்கா?"

"பொய் சாட்சி சொல்லக் கூடாதுன்னு உங்க புத்தகத்துலதானே இருக்கு? அந்த விஷயமாத்தான்."

பாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார், சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மாலை மைதானத்தில் கல்யாண வீடு போலக் கூட்டம். ஈமச் சங்கத்துப் பெண்கள் நாற்காலியோடு வந்திருந்தார்கள். சோலேகாவின் தாயார் முன்வரிசையில் இருந்தார். ஸ்காரா முறைத்தபடி நின்றான். லூபே சிவந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெலாபியும் வந்தார், வழக்கம்போல் வண்டியை எங்கோ விட்டுவிட்டு நடந்துதான் வந்தார்.

கோட்ஸோ விசில் ஊதினார். சோலேகா குஷேஷேயை உள்ளே கொண்டுவந்து, பழைய வளையங்களுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் அடித்து நிறுத்தினாள்.

"பாஸ்டர், எண்ணிச் சொல்லுங்க" என்றார் புலெங் அம்மாள்.

"இது ஒண்ணு." பாஸ்டர் குனிந்து பார்த்தார். "அது ரெண்டு."

"லூபே, உங்களுக்குத் தெரியாததில்ல. அசல் குஷேஷேக்கும் சாதாரண வண்டிக்கும் பின் அச்சுல என்ன வித்தியாசம்?"

லூபேயின் முகம் மாறியது. வியாபாரி என்றாலும் வண்டிப் பித்து பிடித்த ஆள். "அசல்ல ரெண்டு பின் சக்கரத்தையும் சேத்துப் பிடிக்கிற டிஃபரன்ஷியல் இருக்கும். ரெண்டும் ஒண்ணா வழுக்கும். அந்தப் பிடிப்புக்குத்தான் சனங்க உசிரை விடறது. சாதாரண வண்டியில வட்டம் அடிச்சா ஒத்தைச் சக்கரம்தான் தரையைத் தேய்க்கும்." அவர் தரையைப் பார்த்தார். "கடவுளே. நான் எஞ்சின் நம்பரோட நிறுத்திட்டேன்."

"அப்போ அடக்கத்தன்னிக்கு இங்க ஓடினது அசல் அச்சு. அன்னியில இருந்து இந்த கேட் பூட்டியிருக்கு, வேற வண்டி வந்து போட்ட வட்டம்னு யாரும் சொல்ல முடியாது. எஞ்சினும் அச்சும் சேத்துத்தான் கைமாறுச்சுன்னு வெலாபி ஐயா வாயாலயே சொன்னாரு. அப்படின்னா ஜிஜி கண்ணை மூடும்போது அவர் வண்டியில எல்லாமே அசலா இருந்துச்சு. அவர் எதையும் விக்கல. கறுப்புத் துணியைத் தூக்கிப் பாக்கறது பாவம்னு நீங்க எல்லாரும் ஒரு வருஷம் ஒதுங்கி நின்னீங்க. அந்த மரியாதையை ஒருத்தர் பயன்படுத்திக்கிட்டார்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சோலேகாவின் தாயார் கைகளைக் கோத்து மார்போடு வைத்துக்கொண்டார். கோட்ஸோ ஸ்காராவின் பின்னால் போய் நின்றுகொண்டார், ஓடினால் பிடிப்பதற்கு.

"வெலாபி ஐயா" என்றார் புலெங் அம்மாள், "கிளட்ச் போச்சுன்னீங்களே. சாவியைக் குடுங்க, ஸ்காரா வண்டியை இங்க கொண்டுவந்து பாக்கட்டும்."

"அதுக்கு இப்ப என்னம்மா அவசரம்? நாளைக்கு..."

"குடுங்க தம்பி" என்றார் சோலேகாவின் தாயார்.

அண்ணியின் சொல்லை அவரால் மீற முடியவில்லை. சாவி கை மாறியது. ஸ்காரா போனான். சற்று நேரத்தில் தூரத்தில் எங்கோ ஓர் எஞ்சின் உயிர்பெற்றது. தெரு முக்கில் திரும்பும்போது அது அடித்தொண்டையில் இழுத்து, பிறகு தெளிவாக மேலே ஏறிப் பாடியது.

சோலேகா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. கை கெட்டிலைத் தேடுவது போல முன்னால் நீண்டது.

"அப்பா வர்றாரு" என்றாள்.

நசுங்கின பழுப்பு வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. ஸ்காராவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. யார் சொல்லியும் காத்திராமல் அவன் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரே ஒரு வட்டம் போட்டான். புகை கலைந்தபோது பாஸ்டரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளே கத்தினார்கள், ரெண்டு என்று.

"முழங்கால் வலிக்காரர் வண்டியை ஏத்தத்துக்குக் கீழேயே விட்டுட்டு நடந்தா நான் காலைப் பாக்கமாட்டேன், காதைப் பாப்பேன்" என்றார் புலெங் அம்மாள். "மேல கொண்டுவந்தா எஞ்சின் சத்தம் இந்தப் பொண்ணு காதுல விழுந்துடும். ஆனா கிளம்பும்போது மிதிக்காம இருக்க முடியல உங்களால. கடைப் பக்கத்துல ரெட்டைக் கோடு போட்டுட்டுப் போனீங்க."

வெலாபி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விக்கணும்னு எடுக்கல அண்ணி. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கலாம்னுதான் துணிக்குள்ள கையை விட்டேன். ஒரு நாள் ஓட்டிப் பாத்தேன், விட மனசு வரல, கழட்டி என் வண்டியில மாட்டிக்கிட்டேன். வாழ்நாள் பூரா அந்த வண்டியைக் கட்டினவன் நான், ஓட்டினவன் அவன். துணி எடுக்கறதுக்கு முன்னாடி திருப்பி வெச்சிடலாம்னு இருந்தேன். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தள்ளிப்போச்சு."

சோலேகா அவர் முன்னால் போய் நின்றாள். "எஞ்சினை எடுத்தீங்க, அதைக்கூட மன்னிச்சிடலாம் சித்தப்பா. ஓட்டணும்னு ஆசை யாருக்குத்தான் இல்ல? எங்கப்பாவை ஊர் முன்னாடி பொய்யராக்கினீங்களே. செத்தவரு எழுந்துவந்து இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு தானே?"

வெலாபி தரையை ஊன்றி எழுந்தார். ஈமச் சங்கத்துப் பெண்களின் பக்கம் திரும்பி, தலையைத் தூக்காமல், அண்ணன் எதையும் விற்கவில்லை, தான் சொன்னது பொய் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இரண்டாம் முறையும் சொல்லவைத்தார் சோலேகாவின் தாயார். பிறகு, "கழட்டின கையாலயே மாட்டிக் குடுத்துடுங்க. சனிக்கிழமைக்குள்ள" என்றார்.

கோட்ஸோ நைசாக ஸ்காராவின் பின்னாலிருந்து நகர்ந்தார். "விசிலு, இப்ப யாரைப் பிடிக்கப் போற?" என்றான் ஸ்காரா. கோட்ஸோ மிச்சமிருந்த மக்வின்யாவை எடுத்து அவன் கையில் வைத்தார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அவ்வளவுதான் வரும்.

சனிக்கிழமை கல்லின் மேலிருந்த வெள்ளைத் துணியைச் சோலேகாவின் தாயார் விலக்கினார். கறுப்புக் கல்லில் குஷேஷே ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. அசல் வண்டி கல்லறைச் சாலையில், அசல் நெஞ்சோடு உறுமிக்கொண்டிருந்தது. இரவு பகல் பாராமல் மாட்டிய வெலாபி, கையெல்லாம் கிரீஸோடு கூட்டத்தின் கடைசியில் ஒடுங்கியிருந்தார்.

குஷேஷேயை ஓட்ட உட்கார்ந்திருந்த சோலேகாவிடம் லூபே ஜன்னல் வழியாகக் குனிந்தார். "சோலேகா, கேளும்மா. இப்ப இது நூத்துக்கு நூறு அசல். நீ சொல்றதுதான் விலை. வட்டம் மட்டும் அடிச்சிடாதே. ஒவ்வொரு வட்டத்துக்கும் மதிப்பு இறங்கும்."

"எவ்வளவு இறங்கும்?"

அவர் சொன்னார். கேட்ட கோட்ஸோவின் வாயிலிருந்து விசில் நழுவியது.

"சரி, ஓரமா நில்லுங்க" என்றாள் சோலேகா. "இறக்கிக் காட்டறேன்."

கோட்ஸோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விசிலை ஊதினார். வண்டி வால் வீசியது. ஒரு வட்டம், அதே தடத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. புகையில் சவுக்கு மரங்களே மறைந்துபோயின. சங்கத்துப் பெண்கள் தலைத் துணியை அவிழ்த்து வீசிக் குலவையிட்டார்கள். ஜிஜியைப் போலி என்று சிரித்த வாய்கள்தான் அவை. இப்போது அழுதுகொண்டே குலவையிட்டன. வண்டி நின்றது. புகை மெல்ல விலகும்வரை எல்லோரும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள்.

முதலில் குனிந்து பார்த்தவர் பாஸ்டர் ராடெபே. வேட்டை நாய் மாதிரிச் சாலையைச் சுற்றிவந்து, நிமிர்ந்து, பைபிளைப் பிடித்த கையை உயரத் தூக்கினார்.

"ரெண்டு" என்றார்.

கல்லறைத் தோட்டமே அதைத் திருப்பிச் சொன்னது.